அன்னத்தை இகழாதே: பூரணத் தத்துவம் கிழக்கையும் மேற்கையும் சேர்த்த விதம்

தியானம் கொஞ்சம், மனவியல் கொஞ்சம், உபநிடதத்திலிருந்து ஒரு வரி, போகிற போக்கில் குவாண்டம் என்று ஒரு சொல். இப்படி எடுத்துப் போட்டுக் கலக்கியதெல்லாம் இன்று 'இன்டெக்ரல்' என்ற பெயரில் புழங்குகிறது. பூரணத் தத்துவம் (integral philosophy) என்பது கிழக்கின் ஆன்மிகத்தையும் மேற்கின் சிந்தனையையும் ஒரே பார்வையில் இணைக்க முயல்வது. அந்தப் பெயருக்குத் தகுதியான வேலை இதைவிடக் கடினமானது. இரண்டு மரபுகள் ஒன்றையொன்று மறுக்கும் இடத்திலேயே போய் நிற்க வேண்டும். அங்கே ஒவ்வொன்றும் எதைக் கைவிட்டாக வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்க வேண்டும். எந்தத் தரப்பும் எதையும் இழக்காமல் ஒரு சேர்க்கை நடந்துவிட்டதாக யாராவது சொன்னால், அங்கே சேர்க்கையே நடக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். பூரணத் தத்துவ நூல் எதைத் திறந்தாலும் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கலாம்: இங்கே யார் எதை விட்டுக்கொடுத்தார்கள்?

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். இந்தத் தத்துவத்தின் மூலவரான ஸ்ரீ அரவிந்தர் 1872இல் பிறந்தவர். ஏழு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, கேம்பிரிட்ஜில் கிரேக்க, லத்தீன் இலக்கியம் படித்து, 1893இல் இந்தியா திரும்பினார். 1910இல் புதுச்சேரிக்கு வந்தார். 1914 ஆகஸ்ட் 15 அன்று 'ஆர்யா' என்ற மாத இதழ் தொடங்கியது. 1921 ஜனவரி வரை வந்த அந்த இதழில்தான் அவருடைய முதன்மைத் தத்துவ நூலான 'லைஃப் டிவைன்', யோக சமன்வயம், வேத ரகசியம், ஈசாவாஸ்ய உபநிடத உரை எல்லாம் ஒரே சமயத்தில் தொடர்களாக ஓடின. பழைய கிரேக்கத் தத்துவ ஞானி ஹெராக்ளிட்டஸைப் பற்றிய கட்டுரைகளும் அதில் உண்டு. ஆண்டாளையும் நம்மாழ்வாரையும் அறிமுகம் செய்து மொழிபெயர்ப்பும் வெளியிட்டது அதே இதழ்தான். அப்போது பாரதியும் புதுச்சேரியில் இருந்தார். 'லைஃப் டிவைன்' திருத்தி விரிவாக்கப்பட்டு 1939, 40இல் நூலாக வந்தது. மொத்தம் 56 அத்தியாயங்கள்.

கிழக்குச் சிந்தனையை மேற்குச் சட்டகத்தில் போட்டு அடைத்தார் என்று அரவிந்தர் மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹெகலைப் படித்து அதை வேதாந்தமாக மாற்றினார் என்பார்கள். ஐரோப்பியத் தத்துவத்தைத் தான் அதிகம் படித்ததில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அவர் சேர்ப்பைச் செய்த இடம் உபநிடதத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை நெருங்கிப் பார்த்தால்தான் இது விளங்கும்.

தைத்திரீய உபநிடதத்தின் மூன்றாம் பகுதி பிருகுவல்லி. பிருகு தன் தந்தை வருணனிடம் போய்ப் பிரம்மத்தைச் சொல்லித்தரும்படி கேட்கிறான். வருணன் ஓர் இலக்கணத்தை மட்டும் கொடுக்கிறார்: எதிலிருந்து உயிர்கள் பிறக்கின்றனவோ, பிறந்தவை எதனால் வாழ்கின்றனவோ, போகும்போது எதில் புகுகின்றனவோ, அதை அறிந்துகொள். பிருகு தவம் செய்கிறான். அன்னமே பிரம்மம் என்று கண்டுகொள்கிறான். கொடுத்த இலக்கணத்துக்கு அது அப்படியே பொருந்துகிறது. உயிர்கள் அன்னத்திலிருந்து பிறக்கின்றன, அன்னத்தால் வாழ்கின்றன, அன்னத்தில் புகுகின்றன. ஆனாலும் மனம் அடங்காமல் தந்தையிடம் திரும்பி வருகிறான். 'தவத்தால் அறி' என்று அதே பதில்தான் கிடைக்கிறது. அடுத்த முறை பிராணன், பிறகு மனம், பிறகு விஞ்ஞானம் (இங்கே அறிவியல் அல்ல, ஆழ்ந்த அறிவு), கடைசியில் ஆனந்தம். ஆனந்தத்தைக் கண்ட பிறகு அவன் திரும்பி வரவில்லை.

இப்போது கேள்வி: முதல் நான்கு விடைகளும் தவறா? மாணவனைப் படிப்படியாக உள்ளே அழைத்துப் போவதற்கான உத்தி இது, கடைசி விடை கிடைத்ததும் முந்தியவை உதிர்ந்துவிடும் என்பது அத்வைத மரபின் பொதுவான வாசிப்பு. வாழைத்தண்டைப் பட்டை பட்டையாக உரிப்பது போல. அரவிந்தர் வேறு மாதிரி வாசிக்கிறார். அன்னம் பிரம்மம் என்பது சரியான விடை. அதுமட்டுமே பிரம்மம் என்று நின்றுவிடுவதுதான் பிழை. மேலே போனவன் கீழே இருந்ததைத் தூக்கி எறிய வேண்டியதில்லை; அதன் உண்மையான பொருளோடு அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறான்.

இந்த வாசிப்புக்கு உபநிடதத்திலேயே ஆதாரம் இருக்கிறது. ஆனந்தம் பிரம்மம் என்று சொல்லி முடித்த உடனே, அடுத்த அனுவாகம், அதாவது அடுத்த பிரிவு, என்ன சொல்கிறது? 'அன்னம் ந நிந்த்யாத்'. அன்னத்தை இகழாதே, அது விரதம். பிறகு அன்னத்தைப் புறக்கணிக்காதே. பிறகு அன்னத்தைப் பெருக்கு. உச்சியைத் தொட்ட பிறகு பேச்சு சோற்றுக்குத் திரும்புகிறது. முதல் படி உதிர்ந்துபோன படி என்றால் இந்த மூன்று கட்டளைகளுக்கும் அங்கே வேலையே இல்லை. 'லைஃப் டிவைன்' நூலில் பொருள்முதல்வாதம் ஆன்மாவை மறுப்பதை ஆராயும் இரண்டாம் அத்தியாயத்தின் தலைப்பில் அரவிந்தர் வைத்திருப்பது பிருகுவின் இந்த முதல் விடையைத்தான். ஜடமே எல்லாம் என்று சொல்லும் ஐரோப்பியரைப் பார்த்து, நீ பிருகுவின் முதல் படியில் நிற்கிறாய், அந்தப் படி உண்மையானது, அங்கேயே உட்கார்ந்துவிடாதே என்கிறார். அதற்கடுத்த அத்தியாயத்தில், எல்லாவற்றையும் துறந்துவிட்ட துறவியைப் பார்த்து, ஏறி வந்த படியை ஏன் பொய் என்கிறாய் என்று கேட்கிறார். ஐரோப்பா ஜடத்தைப் பிடித்துக்கொண்டு ஆன்மாவை இழந்தது, இந்தியா ஆன்மாவைப் பிடித்துக்கொண்டு வாழ்க்கையை இழந்தது என்பது அவர் போடும் கணக்கு. இரண்டில் துறவியின் மறுப்பே வலிமையானது, அதனாலேயே அதிக ஆபத்தானது என்று அவர் சொல்வதைப் பலர் கவனிப்பதில்லை.

ஹெகலுடன் உண்மையான ஒற்றுமை இந்த இடத்தில்தான் தெரிகிறது. 'ஆஃப்ஹேபன்' என்ற ஜெர்மன் வினைச்சொல்லுக்கு ரத்து செய்தல், பாதுகாத்து வைத்தல், மேலே தூக்குதல் என்று மூன்று பொருளும் உண்டு. ஹெகல் அந்த மூன்றையும் ஒரே சமயத்தில் பயன்படுத்துகிறார். ஒரு நிலை தாண்டப்படும்போது அழிந்துபோகாமல் அடுத்த நிலைக்குள் இடம்பெறுகிறது. ஹெகலோ இந்தியத் தத்துவத்தைப் பெரிதாக மதிக்காதவர். இருவரும் தனித்தனி வழியில் ஒரே அசைவைக் கண்டார்கள் என்று சொல்வதே பொருத்தம். பின்னாளில் அமெரிக்கச் சிந்தனையாளர் கென் வில்பர் இதையே கடந்து உள்ளடக்குதல் என்று சூத்திரமாக்கினார்.

அடுத்த இடம் பரிணாமம். அரவிந்தர் டார்வினை வேதாந்தமாக்கினார் என்று சொல்வது பாதி வழியில் நின்றுவிடுகிறது. இயற்கைத் தேர்வு உருவங்கள் மாறும் வழியைச் சொல்கிறது. அரவிந்தர் கேட்பது வேறு: ஜடத்தில் உயிரும் உயிரில் மனமும் தோன்ற முடிந்தது எப்படி? அவர் விடை, அவை ஏற்கெனவே உள்ளே ஒடுங்கியிருந்தன என்பது. ஒடுக்கம் இல்லாமல் மலர்ச்சி இல்லை. இது பழைய இந்தியத் தத்துவ மரபான சாங்கியத்தின் சத்காரியவாதம்; விளைவு காரணத்துக்குள் முன்பே இருக்கிறது. எள்ளைப் பிழிந்தால் எண்ணெய் வரும், மணலைப் பிழிந்தால் வராது என்ற பழைய உதாரணம்தான். பழைய வாதத்தைப் புதிய கால ஓட்டத்தின் மேல் வைத்தார்.

மேற்கில் இதற்கு எதிர்த்தரப்பு புதுத்தோற்றவாதம். தத்துவ அறிஞர்கள் சாமுவேல் அலெக்சாண்டர் 1920இலும் லாயிட் மார்கன் 1923இலும் அதை விரிவாக முன்வைத்தார்கள். தண்ணீரின் ஈரம் ஹைட்ரஜனிலும் இல்லை, ஆக்சிஜனிலும் இல்லை. சேர்க்கையில் புதிதாகத் தோன்றுகிறது. மனமும் அப்படித்தான் என்பது வாதம். கிழக்கு ஒரு பக்கம், மேற்கு ஒரு பக்கம் என்று இங்கே கோடு போடத் தோன்றும். போட்டால் தவறிவிடுவோம். நூலிழையில் இல்லாத ஒன்று துணியாகும்போது புதிதாகத் தொடங்குகிறது என்று வாதிட்டவர்கள் நியாய வைசேஷிகர்கள் என்ற பழைய இந்தியத் தத்துவ மரபினர். அவர்களை இன்று அழைத்து வந்தால் மார்கன் பக்கம் உட்காருவார்கள். கிழக்குக்கும் மேற்குக்கும் நடக்கும் சண்டை என்று நாம் நினைப்பதில் பாதி, நம் வீட்டுக்குள்ளேயே நூற்றாண்டுகளாக நடந்துவந்த சண்டை. பூரணத் தத்துவத்தைப் பற்றி எழுதுபவர்களில் பெரும்பாலோர் 'கிழக்கு' என்ற சொல்லை ஒரே கட்சியின் பெயரைப் போலப் பயன்படுத்துகிறார்கள். அதுதான் முதல் சறுக்கல்.

மிகக் கடினமான இணைப்பு அறிவைப் பற்றியது. நியாய மரபு பிரத்தியட்சம் (நேர்க்காட்சி), அனுமானம் (ஊகித்தறிதல்), உபமானம் (ஒப்புமை), சப்தம் (நம்பத்தகுந்தவர் சொல்) என்று நான்கு பிரமாணங்களை, அதாவது அறியும் வழிகளை, ஏற்கிறது. புலன்களுக்கு எட்டாததை யோகி நேரடியாகக் காண்பதையும் பிரத்தியட்சத்தில் சேர்த்துக்கொள்கிறது. 1781இல் ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் அந்தக் கதவைச் சாத்திவிட்டார். மனிதருக்கு நேர்க்காட்சி புலன்வழி மட்டுமே கிடைக்கும், அறிவால் நேரே காணும் ஆற்றல் நமக்கு இல்லை என்பது அவர் முடிவு. அரவிந்தரின் அதிமானசம், அதாவது ஒன்றை வெளியே நின்று அறியாமல் அதுவாகவே இருந்து அறிதல், கான்ட் சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இரண்டில் ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். அரவிந்தர் கான்ட்டின் எல்லையை மனத்தின் எல்லை என்று ஏற்றுக்கொள்கிறார், அறிவின் எல்லை என்று ஏற்கவில்லை. மனத்துக்கும் அதிமானசத்துக்கும் இடையில் உயர்மனம், ஒளிமனம், உள்ளுணர்வு, மேல்மனம் என்று நான்கு படிகளை வைத்து விவரிக்கவும் செய்கிறார்.

வாதத்தால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது என்பது தெரிந்ததால், வில்பர் ஒரு மூன்றடி முறையை முன்வைத்தார். முதல் அடி செய்முறை: இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இதைச் செய். இரண்டாவது அனுபவம்: செய்தால் கிடைக்கும் காட்சி. மூன்றாவது சரிபார்ப்பு: அதே செய்முறையை முடித்தவர்களிடம் ஒப்பிடுவது. தொலைநோக்கியில் கண்ணை வைக்க மறுத்துவிட்டு வியாழனுக்கு நிலவு இல்லை என்று சொல்ல முடியாதல்லவா? வாதம் நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்றாவது அடி எளிதில் முறியும். சரிபார்க்கும் குழுவில் இருப்பவர்கள், முன்பே அந்த மொழியை ஏற்று, அந்த அனுபவத்தை எதிர்பார்த்துப் பயின்றவர்கள். ஜென் பயின்றவர் சூனியத்தைக் காண்கிறார், பக்தி பயின்றவர் இறைவனைக் காண்கிறார். ஆகவே சரிபார்ப்பில் ஒரு வேறு மரபுக்காரராவது இருக்க வேண்டும். அவர் உடன்படாத புள்ளிகளையும் எழுதி வைக்க வேண்டும். அப்படிச் செய்யும் குழுக்கள் அரிது.

இந்தத் தத்துவத்தின் அமெரிக்கப் பயணம் வங்கத் தத்துவப் பேராசிரியர் ஹரிதாஸ் சௌதுரியிடமிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த ஃப்ரெடெரிக் ஸ்பீகல்பெர்க் அழைத்ததன் பேரில் 1951இல் அவர் சான் பிரான்சிஸ்கோ போனார். 1968இல் அவர் நிறுவிய ஆசியக் கல்வி நிறுவனம் 1980இல் கலிபோர்னியா இன்ஸ்டிட்யூட் ஆஃப் இன்டெக்ரல் ஸ்டடீஸ் என்று பெயர் மாறியது. தனித்தன்மை, உறவு, கடப்பு என்ற மூன்றும் ஒரு மனிதரில் சேர்ந்தே வளர வேண்டும் என்பது அவர் வகுத்த கோட்பாடு. எளிமையானது, நடைமுறைக்கும் வருவது. 1995க்குப் பிறகு வில்பரின் நான்கு கட்டப் படம் பிரபலமானதில் சௌதுரி மறக்கப்பட்டதை ஒரு நஷ்டமாகவே கருதுகிறேன்.

நான்கு கட்டம் என்றால் என்ன? எந்த விஷயத்துக்கும் உள், வெளி என்று இரண்டு பக்கம்; தனி, கூட்டு என்று இரண்டு பக்கம். பெருக்கினால் நான்கு. மாதக்கணக்கில் தூக்கம் வராத ஒருவரை எடுத்துக்கொள்வோம். தனி உள்: படுத்ததும் சூழும் கவலை. தனி வெளி: உடல், தைராய்டு, மாலை ஆறு மணிக்குக் குடிக்கும் காபி. கூட்டு உள்: சீக்கிரம் படுப்பவன் சோம்பேறி என்று அவரைச் சுற்றியிருப்பவர்கள் பகிர்ந்துகொள்ளும் மதிப்பீடு. கூட்டு வெளி: வாரத்துக்கு வாரம் மாறும் வேலை நேரம், தெருவின் இரைச்சல்.

நான்கையும் நிரப்பிவிட்டுப் 'பூரணமாகப் பார்த்துவிட்டேன்' என்று எழுந்து போவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கட்டங்களின் பயன் நிரப்பிய பிறகுதான் தொடங்குகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அறியும் முறை வேறு. கவலையை அவர் சொல்லக் கேட்டுத்தான் அறிய முடியும். தைராய்டை ரத்தப் பரிசோதனையில் அறியலாம், அவரைக் கேட்டு அறிய முடியாது. மதிப்பீட்டை அந்தக் கூட்டத்தின் பேச்சுக்குள் இருந்து புரிந்துகொள்ள வேண்டும். வேலை நேரத்தை அட்டவணையில் பார்த்துவிடலாம். ஒரு கட்டத்தின் முறையால் இன்னொரு கட்டத்தின் கூற்றை நிரூபிக்கக் கூடாது. தியானம் செய்பவரின் மூளைப் படத்தில் மாற்றம் தெரிகிறது, ஆகவே அவர் கண்டது உண்மை என்று எழுதுகிறார்கள். மூளையில்தான் மாற்றம், ஆகவே அவர் கண்டது வெறும் மாயை என்று மறுதரப்பு எழுதுகிறது. இருவரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள். படம் காட்டுவது மூளையை. கண்டதன் மெய்ப்பொய்யை அது தொடவே இல்லை.

படிநிலைகளில்தான் இந்தத் தத்துவம் அதிகம் தடுக்கி விழுகிறது. பியாஜே, கோல்பெர்க் போன்ற மனவியலாளர்கள் வகுத்த அறிவு, ஒழுக்க வளர்ச்சி நிலைகளை எடுத்து, அவற்றின் மேல் உபநிடத, பௌத்த நிலைகளை அடுக்கி, ஒரே ஏணியாக்கினார் வில்பர். ஏணியின் கீழ்ப்பாதி கள ஆய்வு, மேல்பாதி சாதகரின் சாட்சி. இரண்டும் ஒரே வகை ஆதாரம் இல்லை. கீழ்ப்பாதியும் அவ்வளவு உறுதியானதில்லை. கோல்பெர்க்கின் ஆரம்ப ஆய்வு சிக்காகோ பகுதிச் சிறுவர்களை மட்டுமே வைத்து நடந்தது. பெண் பிள்ளைகள் இல்லை. 1982இல் மனவியலாளர் கரோல் கில்லிகன் இதைக் கேள்வி கேட்டார். ஆறாவது நிலை கள ஆய்வில் அரிதாகவே தென்பட்டதால் மதிப்பெண் கையேட்டிலிருந்து கோல்பெர்க் குழுவே அதை எடுத்துவிட்டது. ஏணியின் ஆறாம் படியே ஆடும்போது, அதற்கு மேல் இன்னும் நான்கைந்து படிகளைக் கட்டுபவர் எச்சரிக்கையாகத்தான் ஏற வேண்டும். நிலைகளுக்கு வண்ணங்கள் கொடுத்த பிறகு, 'அவர் இன்னும் ஆரஞ்சில் இருக்கிறார்' என்று சக மனிதரை அளக்கும் பழக்கம் வந்தது. மனிதரை உயர்த்த வந்த தத்துவம் மனிதரைத் தரம் பிரிப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

அதே சமயம், படி வேறு, அனுபவ நிலை வேறு என்று வில்பர் பிரித்தது பெரிய உதவி. விழிப்பு, கனவு, ஆழ்துயில் என்று மாண்டூக்கிய உபநிடதம் சொல்பவை வந்துபோகும் நிலைகள். எவருக்கும் எந்த வயதிலும் வாய்க்கலாம். வளர்ச்சிப் படி மெதுவாக, வரிசையாக வருவது. ஆழ்ந்த சமாதி அனுபவம் உள்ளவர் அதைத் தன் வளர்ச்சிப் படியில் நின்றுதான் பொருள் கொள்வார். முப்பது வருடம் தியானம் செய்தவர் பணத்திலும் அதிகாரத்திலும் தவறுவது எப்படி என்ற பழைய புதிருக்கு இது ஓரளவு விடை தருகிறது.

இதோடு சேர்ந்ததுதான் வில்பர் சொல்லும் முன்நிலை, கடந்தநிலைக் குழப்பம். 1927இல் பிரெஞ்சு எழுத்தாளர் ரோமெய்ன் ரோலந்து, எல்லையற்ற கடல் போன்ற ஓர் உணர்வே மதத்தின் ஊற்று என்று உளப்பகுப்பாய்வின் முன்னோடி ஃப்ராய்டுக்கு எழுதினார். ரோலந்து பின்னர் ராமகிருஷ்ணர், விவேகானந்தர் வரலாறுகளை எழுதியவர். ஃப்ராய்டு 1930இல் வெளியிட்ட நூலில், அந்தக் கடல் உணர்வு தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தான், பிறர் என்ற பிரிவு தோன்றாத நிலையின் எச்சம் என்றார். வில்பரின் பார்வையில், 'நான்' உருவாகாத நிலையும் 'நான்' கடந்த நிலையும் 'நான்' இல்லாதவையாகத் தோன்றுவதால் ஃப்ராய்டு மேலதைக் கீழதாக்கினார். மனவியலாளர் யுங் சில இடங்களில் கீழதை மேலதாக்கினார். கருவி நல்லது. ஆனால் வாதத்தில் எதிராளியை 'நீ முன்நிலை' என்று சொல்லி வாயடைக்கவும் பயன்படுகிறது. பிரித்தறிய ஒரு சோதனை வேண்டும். நான் வைத்துக்கொள்வது இது: கடந்தவரால் பழைய படியின் வேலையை வேண்டும்போது செய்ய முடியும். நேரம் காலம் கடந்தவர் சொன்ன நேரத்துக்கு வருவார். கணக்கில் பற்றில்லாதவர் கணக்கைச் சரியாக எழுதுவார். முடியவில்லை என்றால் அந்தப் படிக்கு அவர் இன்னும் வந்து சேரவில்லை. அன்னத்தை இகழாதே என்ற விரதத்தின் பொருளும் இதுதான்.

ஏணியே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். ஐரோப்பியச் சிந்தனையாளர் ழான் கெப்சர் 1949இல் தொடங்கி எழுதிய பெருநூலில் தொன்மை, மந்திரம், புராணம், மனம், பூரணம் என்று ஐந்து பிரக்ஞை அமைப்புகளைச் சொல்கிறார். ஆனால் அதை முன்னேற்றம் என்று அழைக்க மறுக்கிறார். ஒவ்வொரு தாவலிலும் ஒன்று கிடைக்கிறது, ஒன்று மங்குகிறது. சிந்தனையாளர் ஜார்ஜ் ஃபெரர் 2002இல், எல்லா மரபுகளும் ஒரே சிகரத்துக்குப் போகின்றன என்பதையே மறுத்து, ஒரு கடலுக்குப் பல கரைகள் என்ற உருவகத்தை முன்வைத்தார். எனக்கு ஃபெரரின் விமர்சனம் வலுவாகவும் அவர் தரும் மாற்று மெலிவாகவும் படுகிறது. எல்லாக் கரைகளும் சமம் என்றால் தவறான கரை என்று எதையும் சொல்ல வழியில்லாமல் போகும். அவரும் அதற்கு அளவுகோல்கள் தேடத்தான் செய்கிறார்.

படிக்கத் தொடங்குபவர்களுக்கு: ஈசாவாஸ்யத்தின் 18 மந்திரங்களிலிருந்து தொடங்குங்கள், குறிப்பாகப் பதினொன்றாவது. வித்தையையும் (அரவிந்தர் வாசிப்பில், ஒருமையை அறிதல்) அவித்தையையும் (பன்மையை அறிதல்) சேர்த்து அறிபவன் அவித்தையால் மரணத்தைக் கடந்து வித்தையால் அமரத்துவம் அடைகிறான் என்ற அந்த மந்திரத்தைத்தான் முழுத் தத்துவமும் சுற்றி வருகிறது. பிறகு 'லைஃப் டிவைன்' முதல் நான்கு அத்தியாயங்கள். வாரத்துக்கு ஒன்று போதும், நாளுக்கு மூன்று நான்கு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அரவிந்தர் எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்களைவிட நன்றாக, பக்கக்கணக்கில் எழுதுவார். அதையே அவர் கருத்து என்று மேற்கோள் காட்டி மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். ஆகவே முதல் வாசிப்பில் பென்சிலை எடுத்து, யார் குரல் எங்கே முடிகிறது என்று மட்டும் கோடு போடுங்கள். பொருளை இரண்டாம் வாசிப்பில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயம் கரடுமுரடானது. பலரும் புத்தகத்தை மூடி வைப்பது அங்கேதான். அதைத் தாண்டி 25ஆம் அத்தியாயமான மூவகை மாற்றத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரலாம், ஒன்றும் கெட்டுவிடாது. சௌதுரி அதற்குப் பிறகு. வில்பர் கடைசியில். படம் முதலில் மனதில் பதிந்துவிட்டால் மூலத்தில் இருப்பதும் படமாகவே தெரியும்.

பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும், சொற்களுக்காக. இரு மரபிலும் ஒரே பெயரில் வேறு பொருளில் வரும் சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தை 'மனம்' என்ற சொல்லுக்கு விட்டுவிடலாம். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெக்கார்ட்டின் கோடு மனத்துக்கும் உடலுக்கும் நடுவில் விழுகிறது; மனம் அறிவுள்ள பக்கம். சாங்கியத்தின் கோடு புருஷனுக்கும் (தூய உணர்வு) பிரகிருதிக்கும் (ஜட இயற்கை) நடுவில் விழுகிறது. மனம், புத்தி, அகங்காரம் மூன்றும் ஜடத்தின் பக்கம் நிற்கின்றன. மனம் ஜடத்திலிருந்து வந்ததா என்று ஐரோப்பியர் திகைத்துக் கேட்கும் கேள்விக்கு, ஆமாம், அதிலென்ன என்பார் சாங்கியர். அவருடைய திகைப்பு வேறு இடத்தில் இருக்கிறது: ஜடமான மனத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது?